யப்பானியக் கதைகளும் இரு வகை மொழிபெயர்ப்பாளரும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1976ஆம் ஆண்டிலே யப்பானியச் சமாதான ஆர்வலர் சிலர் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து சென்ற ஒரு நடைப்பயணத்திலே கலந்துகொண்டனர். அவர்களுள் ஒருவரிடம் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் இருந்தது. ஹிரோஷிமாவிலே அணுகுண்டு வீழ்ந்தபோது ஆறு வயதுச் சிறுவனாயிருந்து, தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் பறிகொடுத்து உயிர்தப்பிய கெய்ஜி நகஸாவா எழுதி வரைந்த 'ஹடஷி நோ கென்' என்பது அது. 'வெறுங்கால் கென்' எனத் தமிழில் சொல்லலாம். வழியிலே கண்ட அமெரிக்கர்கள் இதனை ஆங்கிலத்தில் படிக்க முடியாதா என்று கேட்டனர். ஊர் திரும்பியவர்கள் ரோக்கியோவிலே 'புரொஜெக்ற் கென்' என்ற பெயரில் ஒரு தொண்டர் குழுவை அமைத்தனர். அதில் எவரும் கூலிக்கு வேலை செய்யவில்லை. 1978இல் முதலாம் பாகம் ஆங்கிலத்தில் வெளிவந்தது. யப்பானியச் சித்திரக்கதைகளுள் முழு நூலாக ஆங்கிலம் கண்ட முதற் சிலவற்றுள் இதுவும் ஒன்று.

ஆர்வத்தினாலே மொழிபெயர்த்தவர்கள், ஆனால் ஆசிரியரின் சம்மதத்தோடு மொழிபெயர்த்தவர்கள் அவர்கள். பின்வந்த காலத்திலே ஆர்வம் ஒரு பக்கமும் சம்மதம் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்துபோயின. அந்தப் பிரிவைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

யப்பானியச் சித்திரக்கதையை 'மங்கா' என்பார்கள். 'லைற் நொவல்' என்பது இளவயதினரை நோக்கி எழுதப்படும், இடையிடையே சித்திரங்கள் கொண்ட சிறிய அளவு நாவல். ஒன்றோடு நில்லாது பத்து, இருபது தொகுதிகள் என்று நீண்டுகொண்டே போகும். இவ்விரண்டையும் இலக்கியமென ஒப்புக்கொள்ள நம்மிற் சிலர் தயங்கலாம். தயங்குவோர் நகஸாவாவின் முதல் நூறு பக்கங்களைப் பார்த்தபின் தயங்கட்டும்.

இவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவோர் இரு வகையினர். யப்பானியப் பதிப்பகத்திடம் உரிமை பெற்று, மொழிபெயர்ப்பாளருக்குச் சன்மானம் கொடுத்து வெளியிடும் உத்தியோகபூர்வப் பதிப்பாளர் ஒரு வகை. உரிமை பெறாமலே, பணம் வாங்காமலே, தாம் இரசித்ததைப் பிறரும் இரசிக்கவேண்டும் என்று இணையத்தில் இடுகின்ற இரசிகர் குழுக்கள் மற்றையது. ஒருவர் யப்பானிலிருந்து சஞ்சிகையை வாங்கிப் பக்கங்களைப் பிரதிசெய்து அனுப்புவார், ஒருவர் மொழிபெயர்ப்பார், ஒருவர் யப்பானிய எழுத்தை அழித்துப் படத்தைச் சுத்தம் செய்வார், இன்னொருவர் பேச்சுக்குமிழிகளில் ஆங்கிலத்தை இடுவார். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிருக்கமாட்டார். இதனை 'ஸ்கான்லேஷன்' என்பார்கள்.

இரசிகர் ஏன் இந்த வேலையில் இறங்கினார்கள்? இலவசமாகப் படிக்கும் ஆசை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது முழு உண்மையன்று. தொடக்ககால உத்தியோகபூர்வப் பதிப்புகளின் நிலையை நோக்கினால் வேறு காரணமும் புலப்படும்.

மங்கா வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவது. அமெரிக்க வாசகன் குழம்பிப்போவான் என்று அஞ்சிய பதிப்பாளர்கள், பக்கங்களைக் கண்ணாடியிற் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சிட்டனர். கஸுவோ கொய்கே எழுதி கொஸெகி கொஜிமா வரைந்த, மகனைக் கைவண்டியிலே தள்ளிக்கொண்டு அலையும் வாள்வீரனின் கதை 1987இல் 'லோன் வூல்ஃப் அன்ட் கப்' என்ற பெயரில் இப்படித்தான் வந்தது. கட்சுஹிரோ ஒடொமோவின் 'அகிரா' 1988 முதல், திருப்பியது போதாதென்று, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணமும் தீட்டி வெளியிடப்பட்டது. (அந்த வர்ணம் அழகானதுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.) பக்கத்தைத் திருப்பினால் என்ன நேரும்? வலக்கை வீரரெல்லாம் இடக்கையரானார்கள். அது சிறிய விடயம். யப்பானியர் கிமோனோ உடையின் இடப்பக்க மடிப்பை வலப்பக்கத்தின் மேலாக வரும்படி அணிவார்கள். வலப்பக்கம் மேலே வரும்படி அணிவிப்பது இறந்தவருக்கு மட்டுமே. ஆகவே திருப்பிய பக்கங்களிலே உயிரோடு நடமாடும் மாந்தர் அனைவரும் பிணக்கோலத்திலே நின்றார்கள்! நமது வீட்டுக் கலியாணப் படத்தை ஒருவர் அச்சிட்டு, அதிலே எல்லோருக்கும் சாவீட்டுக் கோலம் புனைந்திருந்தால் நமக்கு எப்படியிருக்கும்?

யப்பானைப் பற்றி ஓரளவாவது அறிந்த வாசகனுக்கு இது உறுத்தியது. இரசிகர் குழுக்களோ பக்கத்தைத் திருப்பவில்லை. வலமிருந்து இடமாகவே வாசித்துப் பழகிக்கொண்டார்கள். 2002இல் ரோக்கியோபொப் என்ற அமெரிக்கப் பதிப்பகம் மூலத்தின் திசையிலேயே நூல்களை அச்சிடத் தொடங்கியது. வாசகன் குழம்பவில்லை. மாறாக, அதுவே அசல் என்று விரும்பி வாங்கினான். பின்னர் ஏனையோரும் அவ்வழியே சென்றனர். பதிப்பாளர் இரசிகரிடம் கற்ற முதற் பாடம் இது என்பேன்.

இரண்டாவது பாடம் விளிச்சொற்களைப் பற்றியது. யப்பானியர் பெயரோடு 'சான்', 'குன்', 'சமா' எனச் சேர்த்தழைப்பர். மூத்த மாணவனை 'சென்பாய்' என்பர். நேற்றுவரை 'சான்' சேர்த்து அழைத்த பெண் இன்று வெறும் பெயரால் அழைத்தாளாயின், ஒரு காதற்கதையிலே அதுவே உச்சக்கட்டமாகலாம். பழைய உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புகள் இவற்றை வெட்டி எறிந்தன. இரசிகர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 2004இல் டெல் ரே நிறுவனம் மங்கா வெளியிடத் தொடங்கியபோது விளிச்சொற்களை விட்டுவைத்து, நூலின் முன்னே அவற்றுக்கு ஒரு விளக்கமும் சேர்த்தது.

இவ்விடத்திலே ஓர் இடைக்குறிப்பு. ஆங்கிலத்திலே 'யூ' ஒன்றுதான். நம்மிடம் நீ உண்டு, நீங்கள் உண்டு. இலங்கைத் தமிழரிடம் இரண்டுக்கும் நடுவே 'நீர்' என்பதும் வழக்கொழியாமல் இருக்கிறது. 'நீர்' போய் 'நீ' வரும் கணத்தை ஒரு வரியிலே காட்டிவிடலாம். மங்காவின் ஓசைச்சொற்களும் அப்படித்தான். இதயம் துடிப்பது 'டொகி டொகி', ஒளிர்வது 'கிரா கிரா'. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இதற்குப் படும் பாடு சொல்லுந்தரமன்று. தமிழில் 'படபட', 'மினுமினு' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். இரட்டைக்கிளவி நமக்குத் தொல்காப்பியர் காலத்துச் சொத்து. ஆனால் நிசப்தத்துக்கும் யப்பானியர் 'ஷீன்' என்றொரு ஓசைச்சொல் வைத்திருக்கிறார்கள். அதற்கு நானும் தமிழிற் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரசிகர் மொழிபெயர்ப்பைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. அவர்களிற் பலர் மொழியை அரைகுறையாகக் கற்றவர்கள். போட்டி போட்டுக்கொண்டு ஒரே நாளில் முடித்தவற்றிலே பிழைகள் மலிந்தன. மூலத்தை மதிப்பதாக எண்ணி, எளிதாக மொழிபெயர்க்கக்கூடிய சொல்லையும் யப்பானியத்திலேயே விட்டு, அடிக்குறிப்பிலே பொருள் எழுதும் பழக்கமும் வந்தது. 'எல்லாம் கெய்காக்குவின்படி நடக்கிறது. கெய்காக்கு என்றால் திட்டம்' என்ற வரி இன்றுவரை இரசிகர்களே தம்மைக் கேலிசெய்யச் சொல்லும் வரியாகும். திட்டம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாமல்லவா?

லைற் நொவலுக்கு வருவோம். படத்தின் துணை குறைந்த இடத்திலே மொழிபெயர்ப்பாளனின் பலமும் பலவீனமும் வெளிப்படும். இசுனா ஹசெகுரா எழுதிய 'ஸ்பைஸ் அன்ட் வூல்ஃப்' என்ற நாவலிலே, ஒரு நாடோடி வியாபாரியோடு பயணம்செய்யும் ஓநாய்த் தெய்வம் ஒன்று பெண்ணுருவிலே வருகிறது. அவள் 'நான்' என்பதற்கு 'வச்சி' என்பாள். அது பழைய யப்பானியக் கணிகையர் வீதிகளின் பேச்சோடு தொடர்புடைய சொல். முதுமையும் குறும்பும் கர்வமும் அந்த ஒரு சொல்லிலே இருக்கின்றன. 2009இல் யென் பிரஸ் வெளியிட்ட உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்தின் பழைய நடையொன்றை அவளுக்குக் கொடுத்துச் சமாளித்தது. நல்ல தீர்வென்றே கருதுகிறேன். ஆனால் இரசிகர் அதைப் பற்றிப் பேசவில்லை. அட்டைப்படத்தைப் பற்றியே பேசினர். மூலத்தின் சித்திரத்தை நீக்கிவிட்டு ஒரு பெண்ணின் புகைப்படத்தை அட்டையிலே போட்டிருந்தார்கள்! கண்டனம் வலுக்கவே, பழைய சித்திரம் மேலுறையாக அச்சிட்டுக் கொடுக்கப்பட்டது. அவள் பெயர் ஹோலோவா ஹோரோவா என்ற வழக்கு வேறு. யப்பானியத்தில் லகர ரகர வேறுபாடு இல்லையாதலால் அந்த வழக்குக்குத் தீர்ப்பே கிடையாது.

அட்டைப்பட வழக்கு சிறியது. 2021இல் நடந்தது பெரியது. செவன் சீஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் இரு லைற் நொவல்களிலே மூலத்திலிருந்த பகுதிகள் நீக்கப்பட்டும் மாற்றப்பட்டும் இருப்பதை வாசகர்கள் கண்டுபிடித்தனர். ஒன்று பாடசாலையொன்றைக் களமாகக் கொண்ட 'கிளாஸ்ரூம் ஒஃப் தி எலீற்'. மற்றையது 'ஐம் இன் லவ் வித் த வில்லனெஸ்'. ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காதலிக்கும் கதை. இரண்டாவதிலே, தன் காதல் ஈடேறாது என்று கதாநாயகி ஏன் நினைக்கிறாள் என்பதோடு தொடர்புடைய பகுதி விடுபட்டிருந்தது. கதையின் உயிர்நாடியே அதுதான். பதிப்பகம் மன்னிப்புக் கேட்டுத் திருத்திய பதிப்புகளை வெளியிட்டது. இங்கே நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், மூலத்தோடு ஒப்புநோக்கும் வாசகர் இருந்தபடியாலேயே இது வெளிச்சத்துக்கு வந்தது. உரிமைப் பத்திரம் இருந்தமையால் மட்டும் மொழிபெயர்ப்பு விசுவாசமானதாகிவிடவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு நூலுக்கு ஆங்கில உரிமை விற்கப்பட்டதும் தம் மொழிபெயர்ப்பை நிறுத்திவிடுவது நல்ல குழுக்களின் மரபாயிருந்தது. ஆனால் உரிமை பெற்றவர் இடைநடுவே கைவிட்டால்? ஃபுயுமி ஒனோவின் 'பன்னிரண்டு இராச்சியங்கள்' என்னும் பெருங்கதையை ரோக்கியோபொப் 2007 முதல் நான்கு தொகுதிகள் வெளியிட்டது. 2011இல் அதன் அமெரிக்கப் பதிப்பு வேலையே நின்றது. எஞ்சிய கதைக்காக ஆங்கில வாசகர் நெடுங்காலம் இரசிகர் மொழிபெயர்ப்பையே நாடவேண்டியிருந்தது. அவர்களை நான் குறைசொல்லமாட்டேன்.

ஆயின் எல்லாக் குழுக்களும் அந்த மரபைப் பேணவில்லை. பேணியவர்களின் உழைப்பையும் பிறர் அள்ளிச்சென்று, தம் தளங்களிலே குவித்து, விளம்பரப் பணம் சம்பாதித்தனர். மொழிபெயர்த்தவருக்கும் காசு இல்லை. வாரந்தோறும் இருபது பக்கம் வரைந்து உடல் தேய்கின்ற ஓவியருக்கும் இல்லை. நடுவிலே நின்றவருக்கு மட்டும் இருந்தது. 2010இல் யப்பானிய, அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து நடவடிக்கை எடுக்கப்போவதாக அறிவித்ததும், அக்காலத்தில் மிகப் பெரிதாயிருந்த தளங்களுள் ஒன்று மூடப்பட்டது. அதன் இடத்துக்குப் புதியவை முளைத்தன. சட்டத்தைவிட விலையும் வேகமுமே பெரிய மாற்றத்தைச் செய்தன. 2018 டிசெம்பரிலே விஸ் நிறுவனம் மாதம் 1.99 டொலருக்குத் தன் சஞ்சிகைக் கதைகளைத் திறந்துவிட்டது. 2019 ஜனவரியிலே ஷூஎய்ஷா 'மங்கா பிளஸ்' என்ற சேவையைத் தொடங்கி, புதிய அத்தியாயங்களை யப்பானில் வரும் அதே வேளையில் ஆங்கிலத்தில் இலவசமாகத் தந்தது. இரசிகர் பத்தாண்டுகளாகக் கேட்டது இதைத்தான். முன்னரே செய்திருந்தால் எவ்வளவு வழக்குகள் மிஞ்சியிருக்கும்!

லைற் நொவலிலே 2016இல் தொடங்கிய ஜே-நொவல் கிளப் இன்னொரு வழி கண்டது. மொழிபெயர்ப்பைப் பகுதி பகுதியாகச் சந்தாதாரருக்குக் கொடுப்பது. அவர்கள் கண்ட பிழைகளைச் சொல்வது. பின்னர் திருத்தி நூலாக்குவது. இரசிகர் குழுவின் வேலைமுறையே இது, உரிமையும் சன்மானமும் சேர்ந்திருக்கிறது. அதன் வெளியீடுகளுள் மியா கஸுகியின் 33 தொகுதி நாவல் ஒன்று, ஆங்கிலத்தில் 'அசென்டன்ஸ் ஒஃப் எ புக்வேம்' எனப்படுவது, புத்தகப் பைத்தியமான ஒரு பெண்ணைப் பற்றியது. புத்தகங்கள் பிரபுக்களுக்கு மட்டுமே கிட்டும் ஓர் உலகத்திலே ஏழைச் சிறுமியாக மறுபிறவி எடுக்கும் அவள், படிக்கப் புத்தகம் வேண்டுமென்பதற்காகக் கடதாசி செய்வதிலிருந்து ஆரம்பிக்கிறாள். யப்பானிய இணையத்திலே 2013 முதல் இலவசமாக எழுதப்பட்ட கதை இது. இந்த வரிசையிலே ஒன்றை மட்டும் படிக்க நேரமுள்ளவர்களுக்கு நான் இதனையே சொல்வேன்.

அண்மையில் யந்திர மொழிபெயர்ப்பும் இந்தச் சந்தைக்குள் நுழைந்திருக்கிறது. 2024இலே யப்பானில் இதற்குப் பெருந்தொகை முதலிடப்பட்டபோது, அங்குள்ள மொழிபெயர்ப்பாளர் சங்கம் தன் கவலையைப் பகிரங்கமாகத் தெரிவித்தது. இரசிகரும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரும் ஒரே பக்கத்தில் நிற்கும் காட்சியை இந்த விடயத்திலேதான் நான் காண்கிறேன். 'வச்சி' என்ற சொல்லுக்கு என்ன செய்வது என்று இரவிரவாகச் சண்டையிட்டவர்கள் அல்லவா இருவரும்!

நேரம் முடிவடைகிறது. தொடக்கத்திலே சொன்ன 'வெறுங்கால் கென்' கதையை, 2004 முதல் சான்பிரான்ஸிஸ்கோவிலுள்ள லாஸ்ற் காஸ்ப் என்ற பதிப்பகம் பத்துத் தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்திலே தனிமனிதர் எவரது பெயரும் இல்லை. 'புரொஜெக்ற் கென்' என்று மட்டும் இருக்கிறது. கையில் அகப்பட்டால் படித்துப் பாருங்கள்.