முதல் வருஷ பீஸ் மட்டும் கணக்கு இல்லை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வருகிற சமயத்தில் நாங்கள் எந்தக் குழுவுக்குப் போனாலும் ஒரே கேள்விதான் வருகிறது. "பிள்ளையைக் காலேஜில் சேர்க்கணும், குழுவில் எவ்வளவு கடன் கிடைக்கும்?" கேட்பது நியாயம்தான். ஆனால் அதற்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. படிப்பு முடிகிற வரைக்கும் மொத்தம் எவ்வளவு ஆகும்? அதை எந்தப் பணத்தில் கட்டப் போகிறோம்? இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஒரு தாளில் எழுதுவோம்

காலேஜ் செலவு என்றால் நாம் பீஸை மட்டும்தான் நினைக்கிறோம். பரீட்சை பீஸ், புத்தகம், பஸ், ஹாஸ்டல், சாப்பாடு, துணிமணி, செல்போன் ரீசார்ஜ் எல்லாம் செலவுதானே? ஒரு உதாரணம் பார்ப்போம். வருஷத்துக்கு பீஸ் 50,000 ரூபாய், ஹாஸ்டலும் சாப்பாடும் 60,000, மற்ற செலவு 10,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷத்துக்கு 1,20,000. நாலு வருஷத்துக்கு 4,80,000 ரூபாய். நகையை அடகு வைத்து 50,000 கட்டிவிட்டு "சேர்த்தாச்சு" என்று நிம்மதியாக இருக்கிறோம். மீதி 4,30,000 ரூபாய்க்கு வழி என்ன?

வழி தெரியாமல் சேர்த்தால் இரண்டாம் வருஷம் முட்டிக்கொள்ளும். பாதியில் நின்ற படிப்புக்கு பட்டமும் இல்லை, வாங்கின கடனும் தீராது. நாங்கள் பார்த்த பல வீடுகளில் பணம் முட்டும்போது முதலில் நிறுத்துவது பெண் பிள்ளையின் படிப்பைத்தான். "அவள் கட்டிக்கொண்டு போகிறவள்தானே" என்கிறார்கள். கணக்கை முதலிலேயே எழுதினால் இந்தப் பேச்சுக்கே இடம் இருக்காது.

அதனால் சேர்ப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று கல்லூரிகளின் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் அரசு கலைக் கல்லூரி இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். எது நம்மால் கடைசி வருஷம் வரை இழுக்க முடிகிற வண்டி என்று தாளே சொல்லிவிடும்.

எந்தக் கடன் எதற்கு?

பிள்ளை படித்துச் சம்பாதிக்க மூன்று நாலு வருஷம் ஆகும். வாரத் தவணைக் கடனோ அடுத்த வாரமே வாசலில் வந்து நிற்கும். படிப்புக்கு இந்தக் கடன் பொருந்தாது. ஒரு தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்குவோம், அதைக் கட்ட மூன்றாவது இடம் தேடுவோம்.

வெளி வட்டியைப் பாருங்கள். 3 வட்டிக்கு 50,000 வாங்கினால் மாதம் 1,500 ரூபாய் வட்டி. நாலு வருஷத்துக்கு, அதாவது 48 மாதத்துக்கு, வட்டி மட்டும் 72,000 ரூபாய். அசல் 50,000 அப்படியே நிற்கும்!

குழுவின் உள்கடன் நல்லதுதான். ஆனால் அதை விண்ணப்பச் செலவு, பஸ் செலவு, புத்தகம் மாதிரி சில மாதங்களில் திருப்பிக் கட்டக்கூடிய சின்னச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தொகைக்கு வங்கியின் கல்விக் கடன்தான் சரி. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும், அதை மறக்கக் கூடாது. முடிந்தவர்கள் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் பிள்ளை தலையில் பாரம் குறையும்.

4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு வங்கி சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, பிள்ளை தொழிற்கல்வி படித்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-ல் வந்தது. எல்லாக் கல்லூரிக்கும் இது கிடையாது. தரச்சான்று பெற்ற கல்லூரியா என்று கேட்டுக்கொண்டு, வருமானச் சான்றிதழைக் கொடுத்து, மானியத்துக்கு மனு போடச் சொல்லி வங்கியில் கேளுங்கள்.

வங்கியில் வாயால் "இல்லை" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவிலிருந்து நாலு பேர் சேர்ந்து போங்கள்.

அரசு தருவதை விட்டுவிட வேண்டாம்

* அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. கல்லூரியில் சேர்ந்ததும் இதைப் பற்றி விசாரியுங்கள்.
* அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-ல் மருத்துவப் படிப்புக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இதில் இடம் கிடைத்தால் பீஸை அரசே கட்டும்.
* குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்காமல் இருந்தால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குங்கள். தொழிற்கல்விக்கு அரசு கவுன்சிலிங்கில் சேர்ந்தால் பீஸ் சலுகை உண்டு. நிர்வாக இடத்தில் சேர்ந்தால் கிடைக்காது.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் கூட்டம் தாங்காது.

"இன்றைக்கே அட்வான்ஸ்" என்றால்

ரிசல்ட் வந்ததும் ஊருக்குள் ஏஜெண்டுகள் வருவார்கள். "சீட் போய்விடும், இன்றைக்கே பத்தாயிரம் கட்டுங்க, சர்டிபிகேட்டைக் கொடுங்க" என்பார்கள். அவசரப்படுத்துகிறவரிடம் அவசரப்படாதீர்கள். கவுன்சிலிங் முடிகிற வரை அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. சேர்ந்த பிறகு வேண்டாம் என்றால் பீஸைத் திருப்பித் தரவும் அதில் விதி உண்டு. நாள் ஆக ஆக திரும்பும் தொகை குறையும், அதனால் உடனே எழுதிக் கொடுங்கள். பணம் எங்கே கட்டினாலும் கல்லூரியின் பெயரில் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள்.

பிள்ளைக்கும் கணக்கு தெரியட்டும்

வீட்டுக் கஷ்டம் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று நாம் மறைக்கிறோம். தெரியாத பிள்ளை தவணையில் செல்போன் வாங்கும். செல்போனிலேயே "ஐந்து நிமிஷத்தில் கடன்" என்று வருவதையும் வாங்கிவிடும். பிறகு மிரட்டிப் போன் வரும்போதுதான் நமக்குத் தெரியும். பயமுறுத்த வேண்டாம், திட்டவும் வேண்டாம். அந்தத் தாளைப் பிள்ளை கையாலேயே எழுத வையுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரவு செலவு பாருங்கள். குழுவில் கணக்கு நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?

இப்போதே தொடங்குவோம்

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை சேரும்போது வாரம் 100 ரூபாய் தனியாகப் போட ஆரம்பித்தால், பன்னிரண்டாவது முடிக்கும்போது நாலு வருஷத்தில் 20,800 ரூபாய் கையில் இருக்கும். வட்டியில்லாமலே இவ்வளவு. சின்னப் பெண் குழந்தை இருந்தால் 10 வயதுக்குள் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். 18 வயது ஆனாலோ, பத்தாம் வகுப்பு தேறினாலோ, மேல்படிப்புக்கு அதில் பாதி வரை எடுக்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குழுவில் பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளின் பெயரை ஊக்குநர் தீர்மான நோட்டில் எழுதட்டும். பெயருக்கு எதிரே எந்தச் சான்றிதழ் இருக்கிறது, எது இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இல்லாததை வாங்க யார் யாரோடு போவது என்றும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். மகன் பெயரும் மகள் பெயரும் அந்தப் பட்டியலில் சமமாக இருக்கட்டும்.

சேர்க்கிற பிள்ளை அத்தனை பேரும் முடித்துவிட்டு வரவேண்டும். அதுதான் நமது கணக்கு.