அப்பாவிடம் சொல்ல வேண்டாம், டாக்டர்!



இறுதிக்கட்ட நோயாளிகளுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் ஆறுதல் தருவது எப்படி என்று பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் என் தாயார், “வேற தலைப்பே கிடைக்கலையா உனக்கு?” என்றார். நம் வீடுகளில் சாவு என்ற சொல்லை யாராவது எடுத்தால், ‘நல்ல வார்த்தை பேசு’ என்று உடனே வாயை அடைத்துவிடுவோம். நான் இன்று பேச வந்திருப்பது அந்த வாயடைப்பைப் பற்றித்தான்.

நிகழ்ச்சிகளுக்காக நான் சந்தித்த தாதியரும் மருத்துவ சமூகப் பணியாளர்களும் தவறாமல் குறிப்பிட்ட ஒரு வாக்கியம் உண்டு. “டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.” மகன் சொல்வார், மகள் சொல்வார், சில சமயம் மனைவியே சொல்வார். அன்பினால்தான் சொல்கிறார்கள், அதில் ஐயமில்லை. அப்பா மனம் உடைந்துவிடுவார் என்ற பயம்.

ஆனால், அப்பாவுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. ஜோகூரில் இருக்கும் தம்பி வாரம் தவறாமல் வருகிறார். நான்கு வருடங்களாகப் பேசாத மருமகன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்கிறார். இவர்கள் எல்லாரும் ஏன் வருகிறார்கள் என்று அவருக்குப் புரியாமலா இருக்கும்?

ஒரு பெரியவரை அவர் வீட்டிலேயே சந்தித்தேன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் பிரிட்டிஷ்காரர் காலத்தில் வேலை பார்த்தவர். மகள் காப்பி கலக்கச் சமையலறைக்குப் போனதும், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு மெதுவாகப் பேசினார். “ஏம்மா, எனக்கு எல்லாம் தெரியும். என் மககிட்ட சொல்லிடாதே. பாவம், தாங்கமாட்டா.” அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அந்த மகள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு முன்பே தெரியும். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரு குறை இருந்தது. ஊரில் இருக்கும் அண்ணனோடு நிலத் தகராறு, முப்பது வருடமாகப் பேச்சில்லை. மகளிடம் அதைச் சொன்னால் தன் முடிவைப் பற்றியும் பேச வேண்டிவரும் என்று அதையும் அடக்கி வைத்திருந்தார். கடைசியில் சமூகப் பணியாளர் ஒருவர் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசவைத்தார். பிறகு மகள் கைப்பேசியில் பெரியப்பாவை அழைத்துக் கொடுத்தார். அண்ணன் தம்பி இருவரும் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்று கால் மணி நேரம் பேசினார்களாம்.

ஆன்மிக ஆதரவு என்றதும் நாம் பூசை, பிரார்த்தனை என்று மட்டும் எண்ணிக்கொள்கிறோம். இந்த அண்ணன் தம்பி பேச்சும் அதில் சேர்ந்ததுதான். 1967ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டஃபர்ஸ் இல்லத்தைத் தொடங்கி, இன்றைய அந்திமகாலப் பராமரிப்புக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரானவர். உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, ஆன்ம வேதனை எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் ‘முழு வலி’ என்றார் அவர்.

சிங்கப்பூரில் இந்தப் பராமரிப்பு 1985ல் ஜூரோங்கிலுள்ள செயின்ட் ஜோசப் இல்லத்தில், கனோசியக் கன்னிமார் ஒதுக்கிய 16 படுக்கைகளோடு தொடங்கியது. பிறகு எச்சிஏ, அசிசி, டோவர் பார்க் என்று வளர்ந்தது. எச்சிஏ குழுவினர் வீட்டுக்கே கட்டணமின்றி வருகிறார்கள். மருத்துவமனையில் நிகழும் மரணங்களை 61 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காடாகக் குறைக்கப்போவதாக 2023ல் சுகாதார அமைச்சு அறிவித்தது. அப்படியானால் இனி அதிகமானோர் வீட்டில், நம் கண் முன்னே விடைபெறப்போகிறார்கள். அதற்கு நாம் தயாரா?

முதலில் வலி. வலியில் துடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பதிகம் பாடினால் அவர் காதில் விழாது. மார்ஃபின் என்றாலே நம்மவர்கள் நடுங்குகிறார்கள். ‘அடிமையாகிவிடுவார்’, ‘அது கடைசி மருந்து’ என்பார்கள். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கும் மார்ஃபின் வலியைத்தான் குறைக்கும், ஆயுளைக் குறைக்காது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு. வலி அடங்கிய பிறகுதான் மனிதர் பேசத் தொடங்குகிறார்.

பேசும்போது நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் உபதேசம்தான். ‘போன பிறவியின் வினை’ என்று நோயாளியின் தலைமாட்டிலேயே சொல்லிவிட்டுப் போகும் உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்தி, காப்பி கொடுத்து அனுப்பிவிடுவது மேல் என்பது என் கருத்து. ‘நம்பிக்கை போதாததால்தான் குணமாகவில்லை’ என்பவர்களுக்கும் அதே காப்பிதான். எந்தச் சமயத்தவர் ஆனாலும் சரி, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திருநீறு பூசவா, யாசின் ஓதவா, பாதிரியாரை அழைக்கவா என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள் என்றால், போய்ப் பட்டென்று போட்டு உடையுங்கள் என்று பொருளல்ல. “அப்பா, டாக்டர் சொன்னதை நீங்க தெரிஞ்சுக்கணுமா?” என்று கேட்கலாம். “மனசுல ஏதாவது கவலை இருக்காப்பா?” என்று கேட்கலாம். வேண்டாம் என்று அவர் தலையசைத்தால் விட்டுவிடுங்கள். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவருடைய உரிமை. கேள்வி கேட்பது என் தொழில். அதில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கேட்ட பிறகு வரும் மௌனத்தை நாம் நிரப்பக்கூடாது.

கனடாவில் ஹார்வி சொச்சினோவ் என்ற மனநல மருத்துவர், நோயாளியிடம் அவர் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, குடும்பத்துக்குக் கொடுக்கும் முறையை உருவாக்கினார். நம் தாத்தா பாட்டிகளுக்கு இது மிகவும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், தாத்தா தமிழில்தான் பேசுவார். கைப்பேசியில் பதிவுசெய்து வையுங்கள். மொழிபெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி நாட்களில் சாப்பாடு இறங்காது. ‘ஒரு வாய், ஒரே ஒரு வாய்’ என்று கெஞ்சாதீர்கள். சாப்பிடாததால் உடல் அடங்கவில்லை, உடல் அடங்குவதால்தான் பசி போய்விட்டது. பால் ஊற்றும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. விழுங்க முடியாதவர் வாயில் கரண்டியால் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பஞ்சில் நனைத்து உதட்டில் தடவினால் போதும், சடங்கும் நிறைவேறும். அப்போதும் பேச்சை நிறுத்தாதீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வில், நினைவு தப்பிய சில நோயாளிகளின் மூளை, இறுதி மணி நேரங்களிலும் ஒலிக்கு எதிர்வினை காட்டியது தெரியவந்தது. சொற்கள் புரிந்தனவா என்று அவர்களால் கூற இயலவில்லை. நான் இருந்தால் பேசுவேன்.

பராமரிப்பவரை மறந்துவிடுகிறோம். நோயாளியைப் பார்க்க வரும் அனைவரும் ‘அவர் எப்படி இருக்கிறார்’ என்று கேட்பார்கள். இரவெல்லாம் விழித்திருந்த மனைவியிடம், ‘அக்கா, நீங்க போய் ரெண்டு மணி நேரம் தூங்குங்க, நான் உட்கார்ந்திருக்கேன்’ என்று சொல்பவர் எத்தனை பேர்? பெரியவரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட்ட பணிப்பெண்ணும் அழுவார், அவருக்கும் ஒரு தோள் வேண்டும். காரியம் முடிந்து, பதினாறாம் நாள் விருந்தும் ஆனபின் வீடு வெறிச்சோடிவிடும். உறவினர்கள் ஓய்ந்துவிடும் அந்த வாரங்களில் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுங்கள். சாம்பார் வைத்திருந்தால் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கைகாட்டுகிறார். முன்வரிசையில் ஓர் அம்மா வெகுநேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள். கேளுங்கள் அம்மா.