ஓவியர் முகம் போட்ட 100 குரோனர் நோட்டு

வங்கியில் வேலை பார்த்தவர் என்பதால் பணத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். வட்டி, டெபாசிட் எல்லாம் உங்களுக்கே தெரியும். டென்மார்க்கின் பழைய 100 குரோனர் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

இது 1972 வரிசை நோட்டு. முன்பக்கத்தில் இருப்பவர் அரசரும் இல்லை, அமைச்சரும் இல்லை. யென்ஸ் யூல் என்ற 18-ஆம் நூற்றாண்டு ஓவியர். தன்னைத் தானே வரைந்துகொண்ட படம். அந்த வரிசையின் எல்லா நோட்டிலும் அவர் வரைந்த முகங்கள்தான். பின்பக்கத்தில் 20-க்குச் சிட்டுக்குருவிகள், 1000-க்கு அணில். நம் 100-க்கு ஓர் அந்துப்பூச்சி. அதன் மேல்சிறகு மரப்பட்டை மாதிரி மங்கல். அடியில் ஒளிந்திருக்கும் சிறகு சிவப்பு. கள்ளநோட்டுக்காரனை ஏமாற்ற வேண்டிய நோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

நோட்டில் முகம் எதற்கு? அழகுக்கு மட்டுமல்ல. பூவேலையில் ஒரு கோடு தவறினால் யாருக்கும் தெரியாது. கண்ணோ உதடோ சற்றே மாறினால், 'என்னமோ சரியில்லையே' என்று பார்த்தவுடன் தோன்றிவிடும். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.

அடுத்தது விரல். தகட்டில் செதுக்கிய பள்ளங்களில் மையை நிரப்பி, காகிதத்தை அதன்மேல் பலமாக அழுத்துவார்கள். மை மேடாக நிற்கும்; தடவினால் சொரசொரக்கும். கலர் ஜெராக்ஸ் வழவழப்பாகத்தான் இருக்கும். வாட்டர்மார்க் அச்சடித்ததே அல்ல. காகிதம் கூழாக இருக்கும்போதே கனத்தைக் கூட்டிக் குறைத்து உண்டாக்குவது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் தெரியும்.

ஒரு வேடிக்கை. 1910 வரிசையின் 500 குரோனரில் ஏர் உழுபவர் படம் இருந்தது. படம் போய் எத்தனையோ காலமாயிற்று. டென்மார்க்காரர்கள் 500-ஐ இன்னும் 'உழவன்' என்றுதான் சொல்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். 1945-க்குப் பிறகு வெளியிட்ட நோட்டுகள் எல்லாவற்றையும் அந்நாட்டு மத்திய வங்கி பல்லாண்டுகள் ஏற்றுக்கொண்டே வந்தது. 2009-க்கு முந்தைய வரிசைகளுக்கும் எல்லா 1000 குரோனர் நோட்டுகளுக்கும் 2025 மே 31-தான் கடைசி நாள். அந்துப்பூச்சி நோட்டும் அதில் போயிற்று. ஆகவே யாராவது உங்களிடம் இதைக் காட்டி, 'இன்றைய ரேட்டில் மாற்றிக்கொள்ளலாம்' என்றால் வாங்காதீர்கள். ஆல்பத்துக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். காசு கொடுக்கும் முன் ஓவியரின் கோட்டை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.