உழவர் சந்தையும் நம்மவர் கடமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிப்பவன் சந்தையைப் பற்றிப் பேச எழுந்தது உங்களிற் சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், யான் கத்தரிக்காய் மூட்டையின்மேல் அமர்ந்து தந்தையாருடன் மண்டிக்குப் போய் வளர்ந்தவனென்பதை இங்குள்ள மூத்தோர் அறிவர்.

அம்மண்டியில் விலை கூறுபவர் தரகர். எடை போடுபவரும் அவர் ஆளே. நூற்றுக்குப் பத்து தரகு. அதன்மேல் ஏற்றுகூலி, இறக்குகூலி, கழிவு, முன்பணத்திற்குப் பிடித்தம். எஞ்சியது ஒரு துண்டுச் சீட்டு. ஒருநாள் அச்சீட்டிற் கண்ட தொகை வண்டி வாடகைக்கும் போதவில்லை. தந்தையார் ஒன்றும் பேசாது சீட்டை மடித்து மடியிற் செருகிக்கொண்டார். திரும்பும் வழியில் அதே காய் இருமடங்குக்கு விலைபோகக் கண்டோம்.

நிற்க. இக்குறை நீக்கப் பஞ்சாபில் 1987-ஆம் ஆண்டு ‘அப்னி மண்டி’ தோன்றிற்று. ஆந்திரத்தில் 1999 ஜனவரி 26-இல் ‘ரைத்து பஜார்’ எழுந்தது. அவ்வாண்டு நவம்பர் 14-இல் அந்நாள் முதலமைச்சர் மு. கருணாநிதியவர்கள் மதுரையில் முதல் உழவர் சந்தையைத் தொடங்கினார். 2001-இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் நலிந்தன; 2006-க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றன. சந்தை யார் வைத்ததென்று வழக்காடுவது நமக்கு வேண்டா. விளைந்த காய்க்குக் கட்சி தெரியாது.

கடைக்கு வாடகையில்லை, தராசும் இனாம். நாள்தோறும் விலையைப் பலகையில் எழுதுவர். அவ்விலை மண்டி விலையினும் ஏறக்குறைய நூற்றுக்கு இருபது மிகுதியாகவும், வெளிக்கடை விலையினும் பதினைந்து குறைவாகவும் அமைதல் வேண்டுமென்பது ஏற்பாடு. மண்டியிற் கிலோ 20 ரூபாயும் கடையில் 30 ரூபாயும் விற்குமாயின், சந்தையில் 24 அல்லது 25 ஆகும். மண்டியில் தரகு போக நமக்கு 18 தான் கிடைக்கும். வாங்கும் தாய்மார்க்கோ ஐந்து ரூபாய் மிச்சம்.

பத்து ஏக்கரில் தக்காளி பயிரிட்டவர் அதனைத் தராசில் அமர்ந்து விற்றுத் தீர்த்தல் இயலாது. அவர்க்கு மண்டியே கதி. நம்மவருள்ளும் மண்டி நடத்துவோர் உளர். அவர்மேல் எனக்குப் பகையில்லை. சந்தை அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர்க்கு உரியது.

இனி, சொல்லக் கூசும் ஒன்று. சந்தையில் அமர்தற்குப் புகைப்பட அட்டை வேண்டும். நிலத்தையும் பயிரையும் கண்டறிந்தே அதிகாரிகள் அதனைத் தருகின்றனர். நம்மவர் சிலர் அவ்வட்டையை வியாபாரிக்கு ஒப்புவித்துத் திங்கள்தோறும் சிறுதொகை பெற்று வீட்டிலிருக்கின்றனர். அவ்விடத்தில் மண்டிச் சரக்கே விற்கின்றது. உண்மையாய் விளைவித்த அடுத்த வீட்டுக் கைம்பெண் தன் கீரைக்கட்டுடன் இடமின்றி வாயிலில் நிற்கின்றாள். இதனை யான் கண்ணாரக் கண்டேன். அவளும் நம் குலத்தவளே.

அவர்களை மன்றாடிக் கேட்கின்றேன்: அட்டையை மீட்டுக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு எழுந்து போதல் அரிதெனின், சங்கத்துச் செலவில் வண்டியொன்று அமர்த்த நிர்வாகிகள் இசைந்துள்ளனர். வருகிற ஞாயிறன்று சிட்டாவும் புகைப்படமும் கொண்டுவருவோர்க்கு விண்ணப்பம் எழுதித் தர யான் இம்மண்டபத்திலேயே காலைமுதல் இருப்பேன்.