தலைகளை எண்ணியவர்



எகிப்து திருப்பயணத்தில் 2285 மீட்டர் உயரமுள்ள சீனாய் மலையில் ஏறினோம். பெதூயின் வழிகாட்டி ஒருவர் நள்ளிரவுக்குப்பின் எங்களை அழைத்துச் சென்றார். ஒட்டகப் பாதை முடிந்ததும் கடைசி 750 கற்படிகள். சூரிய உதயத்தைத் தவறவிடக்கூடாதென்ற அவசரத்தில் முண்டியடித்து ஏறினோம்.

உச்சியில் நாங்கள் கிழக்கைப் பார்த்து நின்றோம்; வழிகாட்டியோ எங்கள் தலைகளை எண்ணினார். ஒருவர் குறைந்தார். உடனே கீழே இறங்கினார். மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்ட பாட்டியைக் கைபிடித்து அழைத்து வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மோசே கட்டளைகளைப் பெற்ற மலையிலேயே பிறரன்பை மறந்தோமே என்று வெட்கப்பட்டோம்.

திருப்பலியில் நம் அருகில் அமர்ந்தவர் சில வாரங்களாக வரவில்லையே, கவனித்தோமா? இந்த வாரம் அவர் வீட்டுப் படி ஏறுவோம். ஆமென்.