வயதை எழுதியது யார்?



நம் பிள்ளைகளை ‘மந்தம்’ என்று ஒதுக்கும்போது சாட்சிக்கு ஓர் எண்ணைக் காட்டுகிறார்கள். அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வயதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

1905இல் பாரீசில் பினேயும் சிமோனும் கூடுதல் உதவி தேவைப்படும் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டறிய ஒரு சோதனையை உருவாக்கினார்கள். 1908இல் கேள்விகளை வயதுவாரியாக அடுக்கினார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் பொதுவாகச் செய்வதைச் செய்தால் மன வயது எட்டு. பினே இதைப் பிறவி அறிவின் அளவாகக் கருதவில்லை. அவர் இறந்த மறு ஆண்டு, 1912இல், ஜெர்மனியின் ஸ்டெர்ன் மன வயதை உண்மை வயதால் வகுத்தார். 1916இல் அமெரிக்காவின் டெர்மன் நூறால் பெருக்கினார். ஐ.க்யூ. வந்துவிட்டது.

வளர்ந்தவர்களிடம் இந்தக் கணக்கு இடறியது. வயது ஏறிக்கொண்டே போகும், மன வயது ஏறாது. டெர்மன் பெரியவர்களின் வயதைப் பதினாறில் நிறுத்திவைத்தார். முதல் உலகப் போரில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையாட்களைச் சோதித்துவிட்டு, வெள்ளையரின் சராசரி மன வயது சுமார் 13 என்றார்கள். சராசரிப் பெரியவர் சராசரிப் பெரியவரைவிட எப்படிக் குறைந்துபோவார்? 1922இல் லிப்மன் என்ற பத்திரிகையாளர் இதைத்தான் கேட்டார். கறுப்பினத்தவருக்கும் தெற்கு, கிழக்கு ஐரோப்பியருக்கும் வந்த இன்னும் குறைந்த எண்களைக் கொண்டாடியவர்களோ அளவுகோலைச் சந்தேகிக்கவில்லை, மனிதர்களைச் சந்தேகித்தார்கள்.

1939இல் வெக்ஸ்லர் வகுத்தலைக் கைவிட்டு, ஒருவரை அவர் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டார். ஆனால் இந்தியாவில் பரவலாகப் புழங்கும் பினே-காமத் சோதனையில் இருப்பது பழைய வகுத்தல்தான்.

எந்த முறையானாலும் வயது சரியாகத் தெரிந்தாக வேண்டும். நம் சேரிகளில் வயது எப்படி எழுதப்பட்டது? கை தலையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது. மாதமும் தேதியும் வாத்தியார் பேனாவிலிருந்து வந்தன. (எத்தனை பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறோம், பாருங்கள்!) செங்கல் சூளையில் பிறந்து ஊர் ஊராகப் போகும் பிள்ளைக்கு இன்றும் பிறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைப்பதில்லை.

கணக்குப் போடுங்கள். மன வயது 6, உண்மை வயது 8 என்றால் ஈவு 75. பதிவேட்டில் 9 என்று இருந்தால் அதே பிள்ளைக்கு 67. எழுபதுக்குக் கீழே இறங்கியதும் அறிவுசார் குறைபாட்டு வரம்புக்குள் தள்ளிவிடுகிறார்கள். பிள்ளை ஒரு விடையைக்கூட மாற்றிச் சொல்லவில்லை.

அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்தால், மதிப்பெண்ணுக்கு முன் வயதுக் கட்டத்தைப் பாருங்கள். எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேளுங்கள். எந்த மொழியில் கேள்வி கேட்டார்கள், எந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துச் சராசரி எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். பெற்றோரைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடவே போங்கள்.