திருப்பிச் சொல்ல முடியாத சொல்

நண்பன் 'வாடா' என்றால் நெஞ்சு குளிர்கிறது. மேஸ்திரியோ பண்ணைக் காரியஸ்தரோ அதையே சொன்னால் கொதிக்கிறது. ஏன்? நண்பனிடம் நாமும் 'வாடா' என்று சொல்லலாம்; மேஸ்திரியிடம் சொல்ல முடியாது. திருப்பிச் சொல்ல முடியாத 'டா' சவுக்கடியாகும்.

ருஷ்ய மொழியிலும் நம் மொழியைப் போலவே 'நீ', 'நீங்கள்' என்ற பேதம் உண்டு. 1912-ல் சைபீரியாவின் லேனா தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எட்டு மணி நேர வேலை, கூலி உயர்வு, அபராத ஒழிப்பு ஆகியவற்றோடு, நிர்வாகம் தங்களை 'நீங்கள்' என்றே அழைக்க வேண்டுமென்றும் கேட்டார்கள். ஜாரின் பட்டாளம் அவர்களைச் சுட்டுத் தள்ளியது. ஆனால் கோரிக்கை சாகவில்லை. 1917 மார்ச்சில் பெட்ரோகிராட் சோவியத் பிறப்பித்த முதலாம் உத்தரவு, அதிகாரிகள் சிப்பாய்களை 'நீ' என்று அழைப்பதைத் தடை செய்தது.

கூலியோடு மரியாதையையும் சேர்த்தே கேட்போம். ஆனால் நம்மையும் கேட்டுக்கொள்வோம்: ஆலையைப் பெருக்கும் முதியவரை நாம் 'நீ' என்பதில்லையா? நடவுக்கு வரும் வயதான தாயை 'ஏ கிழவி' என்று கூப்பிடுவதில்லையா? அவர்களாலும் நமக்குத் திருப்பிச் சொல்ல முடியாது, தோழர்களே! அதை இன்றே நிறுத்துவோம்.